நான் எழுதிய ஆறு நாழிகை

இப்போது நான் நன்றாக நித்திரை கொள்கிறேன். காலையில் என் மனிசி தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைக்கிற சத்தத்தில்தான் கண் முழிக்கிறது. போன மார்கழி வரைக்கும் இப்படி இல்லை. ஆறேழு வருஷமாக நெஞ்சுக்குள் ஒரு கல் கிடந்தது. அதை வைத்தவனும் நான்தான், எடுத்தவனும் நான்தான். எடுத்ததை மட்டும் ஊருக்குச் சொல்லி, வைத்ததை மறைக்கலாம் என்று பார்த்தேன். சரிவரவில்லை. ஆகவே முழுவதையும் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. லண்டனுக்கு வந்து இறங்கியபோது யெஸ், நோ, தாங்க்யூ, இந்த மூன்று சொல்தான் கையில். அதை வைத்துக்கொண்டு ஒரு ஹோட்டலின் நிலத்துக்குக் கீழே இருந்த கிச்சினில் கோப்பை கழுவினேன், பிறகு வெங்காயம் வெட்டினேன், பிறகு சமைத்தேன், கடைசியில் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் சொந்தமாகச் சிக்கன் கடை போட்டு இருபத்தேழு வருஷம் நடத்தினேன். டைல்ஸ் ஒட்டியது நான். வயர் இழுத்தது நான். இரண்டு பிளம்பர்கள் வந்து கண்டுபிடிக்க முடியாமல் போன ஒழுக்கை, சுவரில் காதை வைத்துக் கேட்டுக் கண்டுபிடித்ததும் நான். படித்தவர்கள் பத்துப் பேரை ஒரு பக்கம் நிறுத்தி என்னை மறு பக்கம் நிறுத்தினால் யார் வெல்வது என்று பார்க்கிங்கில் யாரையும் கேட்டுப் பாருங்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரே ஒரு மகள். அவள் பிறந்தபோது நான் இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. மார்கழி மாதம், காலை எட்டு இருபத்தைந்து. நேர்ஸ் வந்து சொன்னதும் நான் முதல் செய்த வேலை, ஆஸ்பத்திரிக் கொரிடோரில் தொங்கிய மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைச் சிகரெட் பெட்டியில் எழுதியது. சாதகத்துக்கு நேரம் முக்கியம் என்று அந்தப் பதற்றத்திலும் நினைவு வைத்திருந்தவன் நான்.

அடுத்த கிழமை யாழ்ப்பாணத்தில் எங்கள் குடும்பத்துக்குச் சாதகம் எழுதுகிற சாத்திரியாருக்குக் கடிதம் போட்டேன். பிறந்த தேதி, பிறந்த நேரம், பிறந்த ஊர் என்று மூன்றையும் எழுதி விட்டிருந்தால் மனிசன் தன்பாட்டில் கணித்திருப்பார். ஆனால் நான் சும்மா விடுவேனா. சாத்திரத்தில் பொழுது கணக்கிடுவது சூரிய உதயத்திலிருந்து. மணிக்கு இரண்டரை நாழிகை. இது எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். விடியிறது ஆறு மணிக்கு. ஆறிலிருந்து எட்டு இருபத்தைந்து வரை இரண்டு மணித்தியாலமும் இருபத்தைந்து நிமிஷமும். ஒரு நாழிகைக்கு இருபத்துநாலு நிமிஷம். கணக்கைப் போட்டால் உதயத்திலிருந்து ஆறு நாழிகை. சாத்திரியாரின் வேலையை மிச்சம் பிடிக்கிறேன் என்று, மணியை எழுதாமல், "சூரிய உதயத்திலிருந்து ஆறு நாழிகை சென்று ஜனனம்" என்று அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பினேன். பதிலில் அவர் என் கணக்கை மெச்சியிருந்தார். அந்தக் கடிதத்தை ஹோட்டல் கிச்சினில் என்னோடு வேலை செய்த தமிழ் ஆட்களுக்கெல்லாம் காட்டினேன்.

சாதகக் கொப்பி வந்தது. மஞ்சள் பூசின அட்டை. உள்ளே எட்டாம் வீட்டில் செவ்வாய்.

பெண் பிள்ளைக்கு எட்டில் செவ்வாய் என்றால் என்ன சொல்வார்கள் என்று நம் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கட்டுகிற புருஷனின் உயிருக்கு ஆகாது என்பார்கள். பிள்ளை சின்னவளாக இருக்கும்போது அது வெறும் எழுத்து. இருபத்தைந்து தாண்டியதும் அந்த எழுத்துக்குக் கால் முளைத்தது. மூன்று சம்பந்தம் வந்தது. கொப்பியின் போட்டோக்கொப்பி போகும், நாலு நாளில் "பொருந்தேல்லையாம்" என்று போன் வரும். அதில் ஒரு பொடியனை அவளுக்கும் பிடித்திருந்தது. அந்தப் போன் வந்த அன்று அவள் கோப்பைகளைக் கழுவி அடுக்கிவிட்டுப் படுக்கப் போனாள். அடுத்த நாள் வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை செய்கிறாள். ஊரார் கண்ணையெல்லாம் பார்க்கிறவளின் கண்ணை நேராகப் பார்க்க எனக்கு ஏலாமல் போனது அன்றைக்குத்தான்.

பிறகு அவளே ஒருவரைக் கண்டுபிடித்தாள். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவர், தெற்கு லண்டனில் கோலியர்ஸ் வுட்டில் தாயோடு இருக்கிறார். இரண்டு வருஷப் பழக்கம். எல்லாம் சரி, தாய்க்காரி சாதகம் கேட்டா. பார்த்தா. மாட்டேன் என்றா. அவவுடைய புருஷன் முப்பத்தொன்பது வயதில் திடீரென்று போனவர். ஒற்றை மகனைத் தனியாக வளர்த்த மனிசி. அவவிடம் போய் இது மூடநம்பிக்கை என்று எந்த வாயால் சொல்வது. மகனோ தாயைத் தாண்ட மாட்டார். என் மகள் ஒருபடி மேலே போய்ச் சொன்னாள்:

"அப்பா, அவ என்னை மருமகளா எடுத்தாலும், அவர் ஒருக்கா இருமினாலே அவ என்ரை முகத்தைப் பார்ப்பா. அந்த வீட்டிலை என்னாலை இருக்க ஏலாது. பயம் போனால் போறன். இல்லாட்டி இதோட விடுங்கோ. இனி ஒருத்தரையும் பாக்க வேண்டாம்."

முப்பத்திரண்டு வயது. அவள் சொன்னால் சொன்னதுதான்; அந்தக் குணம் என்னிடமிருந்து போனது.

இப்படி இருக்கும்போதுதான் போன மார்கழியில் அவளுடைய பிறந்த நாள் வந்தது. மனிசி ஒவ்வொரு பிறந்த நாளும் அவள் பிறந்த அதே நேரத்துக்குச் சாமியறையில் விளக்கு ஏற்றுவா. இத்தனை வருஷமும் நான் அதைக் கண்டதில்லை. சிக்கன் கடைக்காரன் நடுச்சாமம் தாண்டிப் படுத்துப் பத்து மணிக்கு எழும்புகிறவன். கடையைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிற முதல் மார்கழி அது. மகள் இருட்டோடு வேலைக்குப் போய்விட்டாள். நான் தேத்தண்ணியோடு நின்றேன். சுவர் மணிக்கூடு எட்டு இருபத்தைந்து காட்ட, மனிசி விளக்கை ஏற்றிவிட்டு ஜன்னல் சீலையை இழுத்தா. எதிர்வீட்டுப் புகைக்கூண்டின் உச்சியில் மட்டும் கொஞ்சம் வெயில், மஞ்சள் தேய்த்த மாதிரி.

"அண்டைக்கும் இப்பிடித்தான்," என்றா. "பிள்ளையைக் கொண்டு வந்து கையிலை தரேக்கை, எதிர்க் கட்டிடத்துக் கூண்டிலை அப்பதான் வெயில் பட்டது. முழு இரவும் நொந்து போய்க் கிடந்தனான், வெளிச்சத்தைக் கண்டதும் அழுகை வந்திட்டுது."

"என்ன நேரம் அது?"

"இதே நேரம்தானே. உதுக்குத்தானே விளக்கு ஏத்துறன்."

"எட்டரைக்கோ சூரியன் வந்தது?"

"பின்னை? மார்கழியிலை இஞ்சை எப்ப வாறது? நீங்கள் எப்பவாவது எழும்பிப் பாத்திருந்தால் தெரியும்."

கோப்பையைக் கீழே வைத்தேன். சூரிய உதயத்திலிருந்து ஆறு நாழிகை சென்று ஜனனம். என் கையெழுத்து கண்ணுக்கு முன்னால் நின்றது. உதயம் எட்டு மணி தாண்டி என்றால், என் பிள்ளை உதயத்திலிருந்து ஒரு நாழிகைகூடப் போகாமல் பிறந்திருக்கிறாள்.

நீங்கள் கேட்கலாம், முப்பத்தைந்து வருஷம் இந்த ஊரில் இருந்தவனுக்கு மார்கழிக் காலை இருட்டு என்பது தெரியாதா என்று. இருட்டு என்பது தெரியும். ஆனால் விடியிறது ஆறு மணிக்கு என்பது என் மண்டையில் ஆணி அடித்து வைத்த விஷயம். ஆறுக்குப் பிறகும் இருட்டாக இருந்தால் அது முகில், அது குளிர், அது இங்கிலாந்து. பின்னேரம் நாலு மணிக்கு இருட்டினால் அது அரசாங்கம் ஐப்பசியில் மணிக்கூட்டைத் திருப்புகிறதால் வருகிற வினை. இப்படித்தான் நான் நினைத்திருந்தேன், கடைக்கு வருகிறவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் மறுத்ததில்லை. நான் சொன்னால் மறுக்க மாட்டார்கள்.

அன்றைக்கு முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உதயம் பிந்தும் என்பது மட்டும் போதாது. ஏன் பிந்துகிறது, யாழ்ப்பாணத்தில் ஏன் பிந்தவில்லை என்று தெரியாமல் நான் ஒருவரோடும் கதைக்கப் போக மாட்டேன். போனில் தட்டிப் பார்த்தால் இங்கிலீஷில் பெரிய பெரிய சொல்லாக வந்தது. போனை மூடி வைத்துவிட்டு யோசித்தேன். அப்போது என் பழைய கபாப் மெஷின் நினைவுக்கு வந்தது.

கடை தொடங்கிய காலத்தில் ஒரு பழைய மெஷின் வைத்திருந்தேன். நட்டுக்கு, நிமிர்ந்து நிற்கிற தடியில் கோழியிறைச்சியை அடுக்கி வைப்போம். ஒரு பக்கம் நெருப்பு, தடி தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். ஒருநாள் மேல் பூட்டுக் கழன்று தடியின் தலை நெருப்புப் பக்கமாகச் சரிந்துவிட்டது. சுற்றுகிறது, ஆனால் சரிந்தபடி சுற்றுகிறது. கொஞ்ச நேரத்தில் மேல் தோள் கருகிவிட்டது, கீழே பச்சையாய் இருக்கிறது, நடுவயிறு மட்டும் வழமை போல. பூட்டை முறுக்கும்போது அளவுக்கு மேலே தள்ளிவிட்டேன், தலை மறுபக்கம் சரிந்தது. இப்போது மேல் தோள் வெளிறிப் போய் நிற்கிறது, கீழ்ப் பக்கம் கருகுகிறது. நடுவயிற்றுக்கு அப்போதும் ஒரு குறையும் இல்லை.

பின்னேரம் நாலு மணி, வெளியில் இருட்டு. சாப்பாட்டு மேசை நடுவில் படுக்கையறை லாம்பைக் கொண்டு வந்து வைத்துப் பெரிய லைட்டை அணைத்தேன். ஒரு பெரிய வெங்காயத்தைக் கபாப் கம்பியில் குத்தினேன். மேல் தோளில் ஒரு கராம்பைக் குத்தினேன், அது லண்டன். நடுவயிற்றுக்குக் கொஞ்சம் மேலே இன்னொரு கராம்பு, அது யாழ்ப்பாணம். கம்பியின் தலையைக் குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் சரித்துப் பிடித்தேன். நான் நின்ற இடத்தில் அது லாம்புக்கு எதிர்ப்பக்கம். வெங்காயத்தைச் சுற்றினேன். யாழ்ப்பாணம் கிட்டத்தட்டப் பாதிச் சுற்று வெளிச்சத்தில், பாதிச் சுற்று இருட்டில். லண்டன் பாவம், வெளிச்சத்துக்குப் பிந்தி வந்து முந்திப் போகிறது. வருகிற கொஞ்ச நேரமும் லாம்பை நேராகப் பார்க்காமல் சாய்வாகத்தான் பார்க்கிறது. இறைச்சியில் எனக்குத் தெரியாததா. சூட்டை நேரே வாங்குகிற இடம் வேகும், சாய்ந்து வாங்குகிற இடம் வெளிறும். மார்கழி வெயிலில் சூடு இல்லாததும் அதனால்தான்.

பிறகு மேசையைச் சுற்றி நடந்தேன். கம்பியின் தலையை எப்போதும் குளிர்சாதனப் பெட்டிப் பக்கமே சரித்தபடி. மறுகரைக்குப் போய் நின்றதும், அதே சரிவு இப்போது லாம்புப் பக்கம் பார்க்கிறது. சுற்றினேன். லண்டன் வெளிச்சத்தை விட்டுப் போகவே மனமில்லாமல் நிற்கிறது. அதுதான் ஆனி மாதம், இரவு ஒன்பதரை வரை பொழுது.

மனிசி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறா.

"என்னப்பா, லைட்டையும் நூத்துப்போட்டு வெங்காயத்தோட மேசையைச் சுத்துறியள்?"

"பேசாமல் நில்லும். பூமி சுத்துது."

"உங்களுக்குத் தலைதான் சுத்துது. சீனி வருத்தத்துக்குக் குளிசை போட்டனீங்களோ?"

அதற்குள் முன்கதவு திறந்து மகள் வந்துவிட்டாள். கோட்டைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பா, இது இயர் செவன் சயன்ஸ். பூமியின்ரை அச்சு இருபத்திமூண்டரை டிகிரி சரிவு. நீங்கள் இப்பதான் கண்டுபிடிச்சனீங்களோ?"

"நான் ஒருத்தரும் சொல்லித் தராமல் கண்டுபிடிச்சனான். உனக்கு டீச்சர் சொல்லித் தந்தவ."

"சரி, அப்ப சொல்லுங்கோ பாப்பம், சூரியனுக்குக் கிட்டப் போறதாலையோ வெயில் காலம் வாறது?"

"ஓம். அதுவும் இருக்கும்தானே."

"இல்லை. தையிலைதான் பூமி கிட்ட நிக்கிறது. ஆடியிலை தள்ளி நிக்கும். தூரத்தாலை ஒண்டுமில்லை, சரிவுதான் எல்லாம்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது, என் வெங்காயத்தில் பிழை இல்லை. அந்தச் சந்தோஷத்தில் கடிதக் கதையை அவளுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டேன். ஆறு மணி உதயம், ஆறு நாழிகை, சாத்திரியாரின் மெச்சல் எல்லாம். சொல்லச் சொல்ல அவளின் சிரிப்பு போய்க்கொண்டிருந்தது எனக்கு விளங்கவில்லை.

"அப்ப அந்தக் கொப்பி பிழையோ?"

"பிழையாய்த்தான் இருக்க வேணும் பிள்ளை. திருப்பிக் கணிக்க வேணும்."

"அந்த நேரத்தை எழுதினது நீங்களோ?"

"ஓம்."

அவள் கோட்டோடு மேலே போனாள். கேக் வெட்டக் கீழே இறங்கி வந்தாள், வெட்டினாள், எனக்கும் ஒரு துண்டு தந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் வடக்கு லண்டனில் எட்மண்டனில் இருக்கிற ஒரு ஐயாவிடம் போனேன். கம்பியூட்டரில் சாதகம் கணிக்கிறவர். நான் ஒரு வார்த்தையும் கூடச் சொல்லவில்லை. தேதி, எட்டு இருபத்தைந்து, லண்டன். அவ்வளவுதான். வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருவரின் கணக்கில் நான் வாய் வைக்கவில்லை. பழைய கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நட்சத்திரம் அதேதான். லக்கினம் மாறுது. ஒரு வீடு முன்னுக்கு வருது."

"செவ்வாய்?"

"எட்டிலை இல்லை. ஒன்பதிலை நிக்கிறார். தோஷம் எண்டு சொல்ல ஏலாது."

ஐயா தண்ணீர் கொண்டு வந்து தந்தார். ஒரு சூரியன் பிந்தி வந்ததால் என் பிள்ளை தப்பினாள் என்று அவருக்கே இரண்டு தரம் சொன்னேன். ரெயினில் வரும்போது பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவிக்கும் சொல்லியிருப்பேன். இங்கிலீஷில் செவ்வாய்க்கு என்ன என்று தெரியாததால் விட்டேன்.

புது அச்சுப் பிரதியை அந்தத் தாயின் மகன் மூலம் கோலியர்ஸ் வுட்டுக்கு அனுப்பினோம். நான் சம்பந்தம் முடிந்தது என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் அவர் என் மகளுக்குப் போன் எடுத்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா நம்பிறா இல்லை," என்றார். "கலியாணத்துக்காக மாத்திச் செய்வித்த சாதகம் எண்டு சொல்லுறா. எல்லாரும் செய்யிறதுதானாம்."

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். என்னைப் பார்த்துப் பொய்ச் சாதகம் என்பதா. ஆனால் யோசித்தால் அவ சொன்னதிலும் நியாயம் இருந்தது. செவ்வாயை இடம் மாற்றி எழுதிக் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்; யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. மகள் போனை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"விடுங்கோ அப்பா. முடிஞ்சுது."

அந்தக் குரலில் அழுகை இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அதில் ஒன்றுமே இல்லை.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு நான் வீட்டை விட்டு வெளிக்கிட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. பையில் பழைய கொப்பி, புதுப் பிரதி, கம்பியில் குத்திய வெங்காயம். பார்க்கிங்கில் ரெயின் ஏறி, பாங்க் ஸ்டேஷனில் மாறி, கோலியர்ஸ் வுட்டில் இறங்கும்போது ஏழரை. தெரு லைட்டெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டினேன். அவ கம்பளி மேலாடையோடு வந்து திறந்தா. மகன் வேலைக்குப் போய்விட்டாராம்.

"என்னண்ணை இந்த நேரத்திலை? ஆருக்கும் ஏதுமோ?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை தங்கச்சி. சூரியன் எத்தினை மணிக்கு வருதெண்டு உங்கட வீட்டு வாசலிலை நிண்டு ரெண்டு பேருமாய்ப் பாப்பம் எண்டு வந்தனான்."

அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. "உள்ளுக்கு வாங்கோ, குளிருது. தேத்தண்ணி குடிச்சிட்டுச் சூரியனைப் பாப்பம்."

தேத்தண்ணி வந்தது. எட்டு மணிக்குக் கோப்பையோடு வாசலில் போய் நின்றோம். லண்டன் தன் குணத்தைக் காட்டியது. வானம் முழுக்க முகில், கழுவாத அண்டாவின் அடி மாதிரி. இருட்டுச் சாம்பலானது, சாம்பல் கொஞ்சம் வெளுத்தது. சூரியனைக் காணோம். எட்டே கால். எட்டரை. பால் வாங்கப் போன ஒரு கிழவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, நாங்கள் பார்க்கிற பக்கம் தானும் பார்த்துவிட்டுப் போனார்.

"வந்திட்டுதோ அண்ணை?" என்று அவ கேட்டா. முகத்தில் சிரிப்பு இல்லை, குரலில் இருந்தது.

பையிலிருந்து வெங்காயத்தை எடுத்தேன். லண்டன் கராம்பு வழியில் எங்கேயோ விழுந்துபோயிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விட்டுப்போனது. காட்ட ஒன்றும் இல்லை. சொல்லத்தான் இருந்தது. வெங்காயத்தைப் பைக்குள் போட்டுவிட்டுச் சொன்னேன்.

"தங்கச்சி, உண்மையைச் சொல்லுறன். சாத்திரியாருக்கு நேரத்தை மட்டும் எழுதியிருந்தால் இவ்வளவும் வந்திராது. எனக்கு எல்லாம் தெரியும் எண்டு நினைச்சு, லண்டனிலையும் ஆறு மணிக்கு விடியிறதெண்டு நானே நாழிகை கணக்குப் போட்டு எழுதினனான். சாத்திரியாரிலை பிழை இல்லை. என்ரை பிள்ளையின்ரை சாதகத்தை நான்தான் பழுதாக்கினனான். மூண்டு சம்பந்தம் அதாலை போனது. இது நாலாவது. நான் ஒரு மடையன்."

அந்தச் சொல்லை மற்றவர்களுக்குச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

அவ கோப்பையை ஜன்னல் கட்டின் மேலே வைத்தா.

"அண்ணை, நான் இருவது வருஷம் பள்ளிக்கூடக் கிச்சினிலை வேலை செய்தனான். மார்கழியிலை இருட்டிலை போய் இருட்டிலை வந்தனான். எட்டு மணிக்குத்தான் விடியும் எண்டதை எனக்கு நீங்கள் வந்து காட்ட வேணுமோ? கம்பியூட்டர் கணக்கு எனக்கும் தெரியும். எனக்குத் தெரியாதது, அந்த எட்டு இருவத்தைஞ்சு உண்மையோ, இப்ப புதுசாய்ப் பிறந்ததோ எண்டதுதான்."

"உண்மை தங்கச்சி."

"ஓம். இப்ப நம்பிறன். பொய்ச் சாதகம் செய்யிறவன் சாத்திரியிலை பிழை சொல்லுவான், ஆஸ்பத்திரியிலை பிழை சொல்லுவான். தன்னை மடையன் எண்டு சொல்ல மாட்டான். அதுவும் நீங்கள். உங்களைப் பற்றிப் பார்க்கிங்கிலை இருந்து இஞ்சை வரைக்கும் எல்லாருக்கும் தெரியும்."

இதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

"அந்தப் பிள்ளையிலை எனக்கு ஒரு குறையும் இல்லை அண்ணை," என்றா. "போன தையிலை எனக்குக் காய்ச்சல் வந்தபோது பஸ்ஸிலை கஞ்சி கொண்டு வந்தவள். அவளின்ரை சாதகத்தைத் திருப்பி அனுப்பிப்போட்டு எத்தினை நாள் நான் அழுதனான் தெரியுமோ. என்ரை மனிசன் போனமாதிரி..." கண்ணைத் துடைத்துவிட்டு, "கலியாணத்தை ஆனியிலை வைப்பம். நல்ல வெளிச்சமான மாதம்," என்றா.

"ஓம், வைப்பம். ஆனியிலை இஞ்சை நாலே முக்காலுக்கே உதயம். விடியக் காலமை முகூர்த்தம் எண்டால், நான் கணக்குப் பாத்து..."

"நீங்கள் ஒரு கணக்கும் பாக்க வேண்டாம் அண்ணை. ஐயரிட்டை விடுங்கோ."

"ஓம் தங்கச்சி," என்றேன்.

ஸ்டேஷன் வாசலில் நின்று மகளுக்குப் போன் எடுத்தேன். அவள் வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நின்றாள். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன், மடையன் என்றதையும் சேர்த்து.

"அவ ஓம் எண்டிட்டாவோ?"

"ஓம் எண்டிட்டா. ஆனியிலையாம்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள்:

"அவவிட்டைப் பிழை எண்டு சொன்னீங்கள் சரி. எனக்கு?"

ஆட்கள் என்னை இடித்துக்கொண்டு படியால் இறங்கிப் போனார்கள். நான் சுவரோரமாய் ஒதுங்கி நின்றேன். இருபத்தேழு வருஷம் கவுண்டருக்குப் பின்னால் நின்று எத்தனையோ பேருக்கு ஸொரி சொல்லியிருக்கிறேன், சோஸ் முடிந்ததற்கும் சிப்ஸ் ஆறினதற்கும். இது அந்தச் சொல் இல்லை.

"அப்பாவிலைதான் பிழை பிள்ளை. உன்னை இவ்வளவு காலம் காக்க வைச்சிட்டன். மன்னிச்சுக்கொள்."

"ம்," என்றாள். பிறகு, "சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டாள்.

"தேத்தண்ணி மட்டும்தான்."

"ஏதும் வாங்கிச் சாப்பிட்டிட்டுக் குளிசையைப் போடுங்கோ. பஸ் வருது, வைக்கிறன்."